கறுப்புக் கல்லில் ஒரு பெயர்

சமையலறை மேடையில் பதித்திருக்கும் கறுப்புக் கல்லைத் துடைத்து முடித்ததும் சற்றுக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? மங்கலாக நம் முகம் தெரியும். நாள் முழுவதும் அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு இது ஒன்றும் அதிசயமில்லைதான். ஆனால் அப்படிப்பட்ட ஒரு கல்லில் தன் முகத்தைக் கண்டு, அந்த முகத்தின் மேலேயே தன் பிள்ளையின் பெயர் பொறித்திருக்கக் கண்டு, தாய்மார்கள் விம்மி அழும் இடம் ஒன்று இருக்கிறது.

அந்த இடம் அமெரிக்காவின் தலைநகரமான வாஷிங்டன். கல் போனதோ நம் பக்கத்திலிருந்து. பெங்களூர்க் கறுப்புக் கல்! கப்பலேறிப் போய், வெர்மாண்ட் மாகாணத்தில் அறுபட்டு, மெம்பிஸ் நகரத்தில் எழுத்துப் பொறிக்கப்பட்டு, கடைசியில் வாஷிங்டன் புல்வெளியில் ஒரு சுவராக நிற்கிறது. ஐந்நூறு அடிக்குச் சற்றே குறைந்த நீளம். அதில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். அத்தனை பேரும் வியட்நாம் யுத்தத்தில் மாண்டவர்கள், அல்லது காணாமற் போனவர்கள்.

கனடாக் கல்லும் வேண்டாம், ஸ்வீடன் கல்லும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்களாம். காரணம் என்ன தெரியுமா? அந்த யுத்தத்துக்குப் போக மறுத்து ஓடிய அமெரிக்க இளைஞர்கள் பலர் அந்த இரண்டு தேசங்களில்தான் அடைக்கலம் புகுந்தார்கள். கல்லில் கூடவா கட்சி என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? என்ன செய்வது, அந்த யுத்தம் அப்படிப்பட்டது. அண்ணன் தம்பியைப் பிரித்தது. அப்பாவையும் பிள்ளையையும் ஒரே மேஜையில் சாப்பிட முடியாமல் செய்தது. முடிந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. சண்டை ஓய்ந்ததே தவிர, அது சரியா தவறா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

விவாதம் ஓயட்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று சிப்பாய்களைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா? இந்தக் கேள்விக்கு அமெரிக்கர்கள் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்த பதில்தான் அந்தக் கறுப்புச் சுவர்.

குடுவையில் பிறந்த நாள்

1965-ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்கத் துருப்புகள் வியட்நாமின் டா நாங் கடற்கரையில் இறங்கின. 1973 மார்ச்சில் திரும்பின. 1975 ஏப்ரல் 30-ந் தேதி சைகோன் நகரம் வட வியட்நாமின் கைக்குப் போயிற்று. கம்யூனிஸம் பரவாமல் தடுக்கப் போனோம், நம்மை நம்பிய ஒரு நாட்டுக்குத் துணையாகப் போனோம் என்றார்கள் ஒரு சாரார். யாரோ ஒருவர் தேசத்தில், வயலில் நாற்று நடுகிறவர்கள் தலையில் குண்டு போட நமக்கு என்ன உரிமை என்றார்கள் மற்றொரு சாரார். அந்த யுத்தத்தில் இருபது லட்சம் வியட்நாமியப் பொது ஜனங்கள் மாண்டதாக அந்நாட்டு அரசாங்கம் 1995-ல் கணக்குச் சொன்னது. இரண்டாவது சாராரின் கோபம் வெறும் வாய்ப் பேச்சு இல்லை என்பதற்கு அந்தக் கணக்கே போதும்.

யார் போவது என்பதிலும் சண்டை. 1969 டிசம்பர் 1-ந் தேதி இரவு ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையைக் கொண்டு வந்து வைத்தார்கள். உள்ளே 366 சின்னஞ்சிறு நீலக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் வருஷத்தின் ஒரு தேதி. முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்த 19 வயது முதல் 26 வயது வரையுள்ள பையன்களுக்குத்தான் முதல் அழைப்பு! தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருந்த தாய்மாரின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்! நாம் பாயசம் வைத்துக் கொண்டாடுகிற பிறந்த நாளை அவர்கள் குடுவையில் போட்டுக் குலுக்கினார்கள்.

அதிலும் ஓர் ஓரவஞ்சனை. வருஷக்கணக்காக, காலேஜில் படிக்கிற பையன்களுக்கு அழைப்பைத் தள்ளிப் போட்டுக் கொடுத்தார்கள். படிக்க வசதியில்லாதவன் பட்டாளத்துக்குப் போனான். குத்துச் சண்டை வீரர் முகமது அலி 1967-ல் வர மறுத்து, தம் உலகப் பட்டத்தையே இழந்தார். 1971-ல் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஜிம்மி கார்ட்டர் 1977 ஜனவரியில் ஜனாதிபதியாகப் பதவியேற்ற மறுநாளே, ஓடிப் போனவர்களுக்கெல்லாம் மன்னிப்பு வழங்கினார். நல்ல காரியம் என்று சிலர் கொண்டாடினார்கள். "அழைத்ததும் போனானே என் மகன், அவனுக்கு என்ன வழங்கினீர்கள்?" என்று கேட்கச் சிலருக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்?

வாசலில் யாரும் இல்லை

இரண்டாவது உலக யுத்தத்திலிருந்து பட்டாளத்தார் கூட்டங் கூட்டமாகக் கப்பலில் திரும்பினார்கள். வழியெல்லாம் பேசி, அழுது, சிரித்து, மனப் பாரத்தைக் கடலிலேயே கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். துறைமுகத்தில் பாண்டு வாத்தியம். வியட்நாமுக்குப் போனவனுக்கோ ஒரு வருஷக் கணக்கு. அவனவன் வருஷம் முடிந்ததும் அவனவனாக ஆகாய விமானம் ஏறி வந்தான். முந்தாநாள் காட்டில் துப்பாக்கியோடு இருந்தவன், இன்று அம்மா வீட்டுக் கூடத்தில் காபிக் கோப்பையோடு இருப்பான். "எப்படி இருந்தது?" என்று கேட்க எல்லாருக்கும் பயம்.

விமான நிலையத்தில் அவர்கள் மேல் காறித் துப்பினார்கள் என்று பல முன்னாள் சிப்பாய்கள் சொல்லியிருக்கிறார்கள். இதுவும் ஒரு விவாதமாகிவிட்டது. ஜெர்ரி லெம்கி என்ற சமூகவியல் பேராசிரியர், அவரும் வியட்நாமில் இருந்தவர்தான், 1998-ல் ஒரு புத்தகமே எழுதினார். அந்த நாளைய பத்திரிகையிலும் போலீஸ் தஸ்தாவேஜியிலும் இதற்கு ஆதாரமே அகப்படவில்லை என்பது அவர் கட்சி. எனக்கு நடந்தது எனக்குத் தெரியாதா என்பது மற்றவர்கள் கட்சி. அது எப்படியாவது இருக்கட்டும். துப்பினார்களோ இல்லையோ, முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமில்லை. யுத்தம் வேண்டாம் என்றவர்கள் அவனைக் கொலைகாரன் என்று நினைத்தார்கள். யுத்தம் வேண்டும் என்றவர்களோ, தோற்று வந்தவன் என்று நினைத்தார்கள். நடுவில் அவன்.

அந்தச் சிப்பாய்களுக்குள்ளேயே ஒரே அபிப்பிராயம் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1971 ஏப்ரலில் எண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் வாஷிங்டன் பார்லிமெண்ட் கட்டடத்தின் முன்னால் வரிசையாக வந்து, தாங்கள் வாங்கிய மெடல்களைத் தூக்கி எறிந்தார்கள். அதே மெடலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கூடத்தில் மாட்டியவர்களும் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் இரவில் தூக்கம் வரவில்லை என்பதுதான் ஒற்றுமை. அந்தத் தூக்கமின்மைக்கு வைத்திய சாஸ்திரம் முறையாக ஒரு பெயர் வைத்து ஏற்றுக்கொண்டது 1980-ல்தான்.

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் நடந்த கதை என்று எண்ணிவிட வேண்டாம். என் சிறு வயதில் எங்கள் தெருவில் ஒரு மிலிடரிக்காரர் இருந்தார். மிலிடரி காண்டீனிலிருந்து அவர் வாங்கி வரும் சோப்பும் பிஸ்கோத்தும் தெருவில் பாதி வீடுகளுக்குப் போகும். குக்கர் வேண்டுமானால் கூட அவரிடம்தான் சொல்லி வைப்பார்கள். அவர் இலங்கையில் இருந்தவர் என்று எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. நாங்கள் குழந்தைகள்தான் ஒரு நாள், "மாமா, நீங்கள் எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று கேட்டுவிட்டோம். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் மனைவி வாசலுக்கு வந்து, கோபிக்கவில்லை, ஆளுக்கு இரண்டு பிஸ்கோத்துக் கொடுத்து அனுப்பி வைத்தார். அந்த அக்காவின் முகம் எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது.

1987-ல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படை 1990 மார்ச் மாதம் திரும்பி வந்தது. ஆயிரத்து நூறு பேருக்கு மேல் திரும்பவில்லை. கடைசிக் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் வந்து நின்றபோது அன்றைய முதல் மந்திரி வரவேற்கப் போகவில்லை. அவர் சொன்ன காரணம், இலங்கைத் தமிழர்கள் அந்தப் படையின் கையில் பட்ட துன்பம். காரணமில்லாத கோபம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் 1987 அக்டோபரில் டாக்டர்களும் நர்ஸுகளும் நோயாளிகளும் மாண்ட கதையை ஈழத் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் மறக்கவில்லை. அதே சமயம், கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாய்களில் ஒருவன் கூட அந்த யுத்தத்தைத் தீர்மானித்தவன் அல்ல. போ என்றார்கள், போனான். வா என்றார்கள், வந்தான். அவர்களில் தமிழ்ப் பையன்களும் இருந்தார்கள். அப்படிப் போன ஒரு தமிழர்தான் மேஜர் ராமசாமி பரமேசுவரன். 1987 நவம்பரில் அங்கே உயிர் நீத்து, நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பரம வீர சக்கரத்தைப் பெற்றார். இந்த இரண்டு நியாயங்களையும் ஒரே தட்டில் வைக்க நமக்கு இன்னும் கை வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, வாஷிங்டனுக்குத் திரும்புவோம்.

நூற்று நாற்பத்து நாலரை டாலர்

ஜான் ஸ்க்ரக்ஸ் என்பவர் வியட்நாமில் காலாட்படையில் காயம்பட்டுத் திரும்பியவர். 1979-ல் ஒரு நாள் அந்த யுத்தத்தைப் பற்றிய 'தி டீர் ஹண்டர்' என்ற சினிமாவைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிரவு தூக்கம் போயிற்று. செத்துப் போன சிநேகிதர்களின் முகங்கள் வந்தன. சில பெயர்கள் வர மறுத்தன. மறுநாள் காலை மனைவியிடம், "மாண்ட அத்தனை பேர் பெயரையும் எழுதி ஒரு ஞாபகச் சின்னம் கட்டப் போகிறேன்" என்றார். வீட்டுக்காரர் விடிந்ததும் இப்படிச் சொன்னால் எந்த மனைவியும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்!

சொந்தப் பணம் 2,800 டாலரைப் போட்டு ஆரம்பித்தார். ஊரெல்லாம் வசூலுக்கு அறிக்கை விட்டார். சில வாரங்களில் வந்து சேர்ந்த தொகை 144 டாலர் 50 சென்ட். தொலைக்காட்சியில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். மனிதர் அசரவில்லை. கடைசியில் எண்பது லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. சர்க்கார் இடம் மட்டும் கொடுத்தது. பணமெல்லாம் ஜனங்கள் கொடுத்தது.

சின்னத்தின் உருவத்துக்கு ஒரு போட்டி வைத்தார்கள். அதற்கு விதித்த நிபந்தனைகளில் ஒன்றுதான் இந்தக் கதைக்கே அச்சாணி. யுத்தம் சரியென்றோ தவறென்றோ அந்தச் சின்னம் ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது! பெயர்கள் இருக்க வேண்டும்; அபிப்பிராயம் இருக்கக் கூடாது. பார்க்க எளிதாகத் தோன்றும் நிபந்தனை. ஒரு கல்யாண வீட்டில் சம்பந்திச் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பக்கத்தாரையும் பந்தியில் உட்கார வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும்.

1,421 படங்கள் வந்தன. பெயரில்லாமல் எண் மட்டும் போட்டு, ஓர் ஆகாய விமானக் கொட்டகையில் அவற்றை வரிசையாக மாட்டி வைத்தார்கள். நடுவர்கள் பொறுக்கி எடுத்த படத்தின் சொந்தக்காரர் யாரென்று பிரித்துப் பார்த்தால், யேல் கலாசாலையில் படித்துக் கொண்டிருந்த 21 வயது மாணவி! பெயர் மாயா லின். ஒஹையோவில் பிறந்தவர், பெற்றோர் சீனாவிலிருந்து வந்து குடியேறியவர்கள்.

அவர் போட்ட படம் இவ்வளவுதான்: பூமியைக் கத்தியால் கீறியது போல இரண்டு சுவர்கள். ஓரங்களில் முழங்கால் உயரம் கூட இல்லை. நடக்க நடக்கப் பாதை கீழே இறங்கும், சுவர் உயரும். நடுவில் இரண்டும் சேருமிடத்தில் பத்தடி. சிலை இல்லை, குதிரை இல்லை, கொடி இல்லை. பெயர்கள் மட்டும்.

வந்தது பாருங்கள் வினை! ஞாபகச் சின்னமென்றால் வெள்ளைச் சலவைக் கல்லில் வானத்தைப் பார்த்து நிற்க வேண்டாமா, இது ஏன் கறுப்பாகப் பள்ளத்தில் கிடக்கிறது என்றார்கள். வெட்கக் கேட்டின் கறுப்புக் கீறல் என்றார் ஒரு முன்னாள் சிப்பாய். வியட்நாமில் சண்டையிட்டோமே, ஓர் ஆசியக்காரப் பெண்ணா எங்களுக்குச் சின்னம் கட்டுவது என்றும் சிலர் வாய் கூசாமல் பேசினார்கள். அவர் பிறந்தது அமெரிக்காவில் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. ஒரு காரசாரமான கூட்டத்தில் ஜார்ஜ் பிரைஸ் என்ற ஜெனரல் எழுந்தார். அவர் நீக்ரோ வம்சத்தவர். கறுப்பு ஒன்றும் அவமானத்தின் நிறமல்ல, நீங்கள் அப்படிச் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது என்றார். அதோடு நிறத்தைப் பற்றிய பேச்சு அடங்கிற்று. பெண் பார்க்க வந்த இடத்தில் நிறம் பேசுகிறவர்களிடம் சொல்ல நமக்கும் ஒரு ஜெனரல் கிடைத்தால் தேவலை.

கடைசியில் ஒரு ராஜி. சுவரும் இருக்கட்டும், பக்கத்தில் மூன்று சிப்பாய்களின் வெண்கலச் சிலையும் ஒரு கொடிக் கம்பமும் வைக்கலாம் என்று முடிவாயிற்று. சிலை 1984-ல் வந்தது. சுவர் திறந்தது 1982 நவம்பர் 13-ந் தேதி. அதற்கு முன்னதாக வாஷிங்டன் தேவாலயத்தில் மாண்டவர் பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார்கள். படித்து முடிக்க 56 மணி நேரம் பிடித்தது. திறப்பு விழாவில் ஒரே ஒரு பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. மாயா லின்னின் பெயர்தான் அது.

திறந்த பிறகு நடந்ததுதான் விசித்திரம். திட்டியவர்களே வந்து நின்று அழுதார்கள். பெயர்கள் அகர வரிசையில் இல்லை, பதவி வரிசையிலும் இல்லை. மாண்ட தேதி வரிசையில் இருக்கின்றன. ஒரே நாளில் ஒரே பள்ளத்தில் விழுந்த கர்னலும் சமையற்காரனும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். அவர்களோடு இருந்து உயிர் தப்பியவன் வந்து அந்த வரியில் விரல் வைத்தால், தன் சிநேகிதர்களை மொத்தமாகக் கண்டுவிடலாம். நம் குழந்தைகள் காசின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து விளையாடுமே, அப்படி அங்கே வருகிறவர்கள் பெயரின் மேல் காகிதம் வைத்துத் தேய்த்து எடுத்துப் போகிறார்கள். மாண்டவர் பெயருக்குப் பக்கத்தில் வைரம் போல ஒரு சிறு குறி. காணாமற் போனவருக்குச் சிலுவைக் குறி. உடல் கிடைத்தால் சிலுவையின் மேல் வைரத்தைப் பொறிப்பார்கள். உயிரோடு வந்துவிட்டால் சுற்றி ஒரு வட்டம் போடுவதாக ஏற்பாடு. அந்த வட்டத்தைப் போட இதுவரை சந்தர்ப்பம் வரவில்லை.

எட்டு மரங்கள்

அந்த 58,000 பேரில் எட்டுப் பேர் பெண்கள். எட்டுப் பேரும் நர்ஸுகள். ஷாரன் லேன் என்ற 25 வயது நர்ஸ் 1969 ஜூன் மாதத்தில் ஆஸ்பத்திரியின் மேல் விழுந்த ராக்கெட் குண்டினால் மாண்டார். அவர் வேலை பார்த்தது வியட்நாமிய நோயாளிகளின் வார்டில் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

வியட்நாமில் அமெரிக்கப் பட்டாளத்துப் பெண்கள் சுமார் 11,000 பேர் இருந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் நர்ஸுகள். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுப் பெண்கள். காலையில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால், கையில்லாமலும் காலில்லாமலும் தம் வயதுப் பையன்கள் வந்து இறங்குவார்கள். யாரைப் பிழைக்க வைக்கலாம், யாருக்கு மயக்க மருந்து மட்டும் கொடுத்துக் கையைப் பிடித்துக் கொண்டிருக்கலாம் என்று அந்த க்ஷணத்தில் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். பலரின் கடைசி நிமிஷத்தில் "அம்மா" என்ற குரலுக்கு "என்னப்பா" என்று பதில் சொன்னது இந்தப் பெண்கள்தான்.

திரும்பி வந்ததும் அவர்கள் சீருடையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தார்கள். கல்யாணம் செய்து கொண்டார்கள். பிள்ளை பெற்றார்கள். வியட்நாம் என்ற வார்த்தையை வாயிலெடுக்கவில்லை. மினசோட்டா மாகாணத்துப் பண்ணை வீட்டில் பிறந்த டயேன் கார்ல்ஸன் எவான்ஸும் அப்படித்தான் இருந்தார். சுவர் திறந்த பிறகு, பக்கத்தில் மூன்று ஆண் சிப்பாய்களின் சிலை வருவதைப் பார்த்தார். "நாங்கள் எங்கே?" என்று அவருக்குக் கேட்கத் தோன்றிற்று. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கப் பல வருஷமாயிற்று.

ஒரு நர்ஸின் சிலையை வைக்க அனுமதி கேட்டபோது, 1987-ல் அதற்கான கலைக் கமிஷன் மறுத்துவிட்டது. இப்படி ஆளாளுக்குச் சிலை கேட்டால் எப்படி, பட்டாளத்து நாய்களுக்குக் கூடக் கேட்கிறார்கள் என்று கமிஷன் தலைவர் பேசினார். டயேனுக்கு மிரட்டல்கள் வந்தன. வீட்டில் நான்கு குழந்தைகள். அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பார்லிமெண்டில் சாட்சி சொன்னார். மறுபடியும் மறுபடியும் மனுப் போட்டார். 1993 நவம்பர் 11-ந் தேதி, சுவருக்குச் சற்றுத் தள்ளி, கிளென்னா குடேகர் என்ற பெண் சிற்பி செய்த வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. மணல் மூட்டையின் மேல் உட்கார்ந்து அடிபட்ட பையனை மடியில் தாங்கியிருக்கிறாள் ஒருத்தி. ஹெலிகாப்டர் வருகிறதா என்று வானத்தைப் பார்க்கிறாள் ஒருத்தி. மூன்றாமவள் முழந்தாளிட்டு, கையிலுள்ள காலியான இரும்புத் தொப்பியையே பார்த்துக் கொண்டிருக்கிறாள். சுற்றிலும் எட்டு மரங்கள், மாண்ட எட்டுப் பேருக்காக.

மூன்றாமவளைத்தான் நிறைய நர்ஸுகள் தாங்களே என்று அடையாளம் கண்டுகொண்டார்கள் என்று டயேன் சொல்லியிருக்கிறார்.

ஹெலிகாப்டர்காரர்

சிப்பாயை மதிப்பதென்றால் சிப்பாய் செய்ததையெல்லாம் மூடி மறைப்பதா? இந்தச் சந்தேகம் நியாயமானது. இதற்குப் பதில் அந்தச் சுவரின் முன்னாலேயே ஒரு நாள் கிடைத்தது.

1968 மார்ச் 16-ந் தேதி மை லாய் என்ற கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கான கிழவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றார்கள். வியட்நாமியர் கணக்கில் 504 பேர். மேலே ஹெலிகாப்டரில் பறந்து கொண்டிருந்த 24 வயது ஹியூ தாம்ஸன் இதைக் கண்டார். ஓடுகிற கிராமத்தாருக்கும் தம் தேசத்துச் சிப்பாய்களுக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கினார். "இவர்கள் மேல் நம்மவர்கள் சுட்டால், நம்மவர்களையே சுடுங்கள்" என்று தம் ஆட்களுக்கு உத்தரவிட்டுவிட்டு, கிழவர் குழந்தைகளை வரவழைத்து வெளியே அனுப்பி வைத்தார். கூட வந்த க்ளென் ஆண்ட்ரியாட்டா பிணங்கள் கிடந்த வாய்க்காலில் இறங்கி, உயிரோடிருந்த ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார். மூன்று வாரத்தில் ஆண்ட்ரியாட்டாவும் சண்டையில் மாண்டார். அவர் பெயரும் சுவரில் இருக்கிறது.

தாம்ஸனை ஊரில் துரோகி என்றார்கள். கொன்றுவிடுவதாக மிரட்டினார்கள். வாசலில் செத்த பிராணிகளைக் கொண்டு வந்து போட்டார்கள். முப்பது வருஷம் கழித்து, 1998 மார்ச்சில், கறுப்புச் சுவரின் முன்னால் நிறுத்தி அவருக்குச் 'சிப்பாய் மெடல்' குத்தினார்கள். அவருடைய சகாக்கள் இருவருக்கும் கூட. அந்தச் சுவரில் இருப்பவர்களை அவமதிக்கிற காரியமாக அதை அன்று யாரும் நினைக்கவில்லை. யுத்தத்தின் மேலுள்ள கோபத்தைப் பட்டாளத்துப் பையன் தலையில் கொட்டுவது ஒரு தப்பு என்றால், பட்டாளத்துப் பையனின் தியாகத்தைக் காட்டி யுத்தத்தைப் பற்றிய கேள்வியை அடக்குவது இன்னொரு தப்பு. இரண்டாவது தப்பை மேடையில் செய்தால் கைதட்டல் கிடைக்கும் என்பதால் அது அதிகம் நடக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இப்போதெல்லாம் அமெரிக்காவில் பட்டாளத்தாரைக் கண்டால் "உங்கள் சேவைக்கு நன்றி" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. வியட்நாம் வீரர்களுக்கென்று மார்ச் 29-ந் தேதியை 2017-ல் சட்டம் போட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் யுத்தத்தின் மறுகரையில் நிலைமை என்ன? ஜெயித்த வியட்நாம் சர்க்கார், பிள்ளைகளை யுத்தத்தில் கொடுத்த தாய்மாருக்கு 1994 முதல் 'வீரத் தாய்' என்ற பட்டம் வழங்கி வருகிறது. தோற்ற தென் வியட்நாம் பட்டாளத்தில் பிள்ளையைக் கொடுத்தவளுக்கு அந்தப் பட்டம் கிடையாது. சைகோனுக்கு அருகில் பியென் ஹோவாவில் அந்தப் பட்டாளத்தாரின் பெரிய இடுகாடு இருக்கிறது. 2006 வரையில் அது ராணுவத்தின் பிடியில் இருந்தது. ஒரே ஊரில், பக்கத்துப் பக்கத்து வீட்டில், ஒருத்தி மகனுக்கு ஊரறிய விளக்கேற்றுவாள். இன்னொருத்தி கதவைச் சாத்திக் கொண்டு ஏற்றுவாள்.

பொட்டலம் கட்டிய காகிதம்

சுவரின் அடியில் ஜனங்கள் எதையாவது வைத்துவிட்டுப் போகிறார்கள். கடிதம், பூட்ஸு, மெடல், கரடி பொம்மை, ஒரு மோட்டார் சைக்கிள் கூட! சர்க்கார் ஆட்கள் அவற்றையெல்லாம் எடுத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். நான்கு லட்சத்துக்கு மேல் சேர்ந்துவிட்டன.

1989-ல் ஒரு முன்னாள் சிப்பாய் வந்து ஒரு சின்னஞ்சிறு புகைப்படத்தையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுப் போனார். 1967-ல், பதினெட்டு வயதில், காட்டுப் பாதையில் எதிரே வந்த ஒரு வட வியட்நாம் வீரனை அவர் சுட்டிருந்தார். அந்த வீரனின் பையில் இருந்த படம் அது. சீருடையில் அவனும், பக்கத்தில் பின்னலோடு ஒரு சிறு பெண்ணும். இருபத்திரண்டு வருஷம் அதைத் தம் பர்ஸில் வைத்திருந்தார். செத்துப் போனவனிடம் மன்னிப்புக் கேட்டு, பெயர் தெரியாத அந்த வீரனுக்கே எழுதிய கடிதம் அது.

படம் சுவரோடு நின்றுவிடவில்லை. ஞாபகப் பொருள்களைப் பற்றி வந்த ஒரு புத்தகத்தில் அச்சாயிற்று. அதைப் பார்த்த அந்த மனிதருக்குப் பழையபடி தூக்கம் போயிற்று. கேட்டு வாங்கி, அந்தப் பெண்ணையே தேடிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தார். வியட்நாமுக்கு எழுதினார். ஹனாய்ப் பத்திரிகை ஒன்று படத்தைப் பிரசுரித்தது. அந்தப் பத்திரிகைக் காகிதத்தில் யாரோ ஒருவர் கிராமத்திலிருக்கும் தம் தாயாருக்குச் சாமான்களைப் பொட்டலம் கட்டி அனுப்பினாராம். பொட்டலத்தைப் பிரித்த அம்மாள் காகிதத்தைக் கசக்கிப் போடவில்லை. வைத்துப் பார்த்தாள். இது நம் ஊர்ப் பிள்ளையல்லவா, பக்கத்தில் இருப்பது அவன் மகளல்லவா என்று எடுத்துக் கொண்டு ஓடினாள்.

2000-ம் ஆண்டில் அவர் மனைவியையும் அழைத்துக் கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனார். பின்னல் போட்ட சிறுமிக்கு இப்போது நாற்பது வயது இருக்கும். தப்பும் தவறுமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த வியட்நாமிய வார்த்தைகளில், இந்தப் படத்தை முப்பத்து மூன்று வருஷமாக வைத்திருந்தேன், இன்று உன்னிடம் கொடுக்கிறேன், என்னை மன்னித்துக்கொள் என்றார். அவள் படத்தை வாங்கிக் கொண்டாள். ஒரு நிமிஷம் அசையாமல் நின்றாள். பிறகு அவர் தோளைப் பிடித்துக் கொண்டு, செத்துப் போன அப்பாவையே பிடித்துக் கொண்டவள் போல, வாய்விட்டு அழுதாள்.